ரிசர்வ்ல போட்டுட்டு மறந்துட்டீங்களா?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவுல பைக் ஓட்டினவங்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். முன்னாடி ஒரு ட்ரெய்லர், பின்னாடி ஒரு ட்ரெய்லர். திருவொற்றியூர் தாண்டுறதுக்குள்ள வண்டி ரெண்டு இருமல் இருமும். பழைய ஸ்பிளெண்டரோ ஆர்.எக்ஸ். 100-ஓ வெச்சிருக்கிற ஆளு பதற மாட்டார். ஓட்டிக்கிட்டே கையை டேங்குக்கு அடியில விட்டு ஒரு திருகு. ரிசர்வ்! வண்டி மறுபடி உயிர் வந்து ஓடும். ஒரு பங்க் கண்ணுல படுற வரைக்கும் தாங்கும்.

ஆனா சில நாள் கையை விட்டா, குமிழ் ஏற்கெனவே ரிசர்வ்லதான் இருக்கும். போன வாரம் பெட்ரோல் போட்டதும் திருப்பி வைக்க மறந்தாச்சு. ரிசர்வ்ல இருந்த பெட்ரோலும் எப்பவோ தீர்ந்தாச்சு. அப்புறம் என்ன, லாரி டிரைவர்கள் ஹாரன் கச்சேரியோட தள்ளுமுள்ளு ஊர்வலம்தான்.

பாஸ், இதே குமிழ் கடலுக்கு அடியிலயும் இருந்துச்சு. அங்க தள்ளிக்கிட்டுப் போக முடியாதுங்கிறதுதான் வித்தியாசம்.

1943-ல் ஃபிரான்ஸ்ல கூஸ்தோ, காக்னன்னு ரெண்டு பேர் சேர்ந்து அக்வாலங் கருவியை உருவாக்கினாங்க. இன்னிக்கு நாம ஸ்கூபான்னு சொல்றதுக்கு அதுதான் தாத்தா. ஆரம்ப காலத்து ஸ்கூபாவுல காத்து எவ்வளவு மிச்சம் இருக்குன்னு காட்டுற மீட்டரை எல்லாரும் கட்டிக்கிட்டுப் போறது வழக்கமில்லை. அதுக்குப் பதிலா சிலிண்டர் வால்வுக்குள்ள ஒரு ஸ்பிரிங். காத்து ஒரு அளவுக்குக் கீழே குறைஞ்சா ஸ்பிரிங் வழியை அடைக்கும், மூச்சு இழுக்கக் கஷ்டமாகும். உடனே முதுகுப் பக்கம் கையை விட்டு ஒரு கம்பியைக் கீழே இழுத்தா, கடைசியா மிச்சம் இருக்கிற காத்து வரும். அதை வெச்சு மேல வந்துடணும். அப்படியே பைக் ரிசர்வ்!

நோயும் அதே நோய்தான். கம்பி எங்கேயாவது இடிச்சுக் கீழே இறங்கியிருந்தா, முன்னறிவிப்பே கிடையாது. ரிசர்வ் இருக்குன்னு நம்பிக்கிட்டே அதையும் சேர்த்து உறிஞ்சித் தீர்த்திருப்பாங்க. கம்பியை இழுக்கும்போது ஒண்ணும் வராது. அதனாலதான் மெல்ல மெல்ல அந்த வால்வு ஒழிஞ்சு, முள் வெச்ச பிரஷர் கேஜ் வந்தது. நம்ம பைக்கிலயும் பி.எஸ்.6 விதி வந்த 2020-க்கு அப்புறம் பெட்ரோல் கேஜ் இருக்கு, ரிசர்வ் குமிழ் பெரும்பாலும் காணாமப் போச்சு.

சரி, இப்ப இருக்கிற ஸ்கூபா செட்ல மாற்று ஏற்பாடு என்ன? அதுக்கு முன்னாடி ஒரு சின்ன திருத்தம். பேப்பர்ல எப்பப் பார்த்தாலும் 'ஆக்ஸிஜன் சிலிண்டருடன் கடலில் குதித்தனர்'னு எழுதுவாங்க. முதுகுல இருக்கிறது ஆக்ஸிஜன் இல்லீங்க, நீங்களும் நானும் இப்ப சுவாசிக்கிற அதே காத்து. வடிகட்டி, அழுத்தி அடைச்சது. சுத்த ஆக்ஸிஜனோட ஆறு மீட்டருக்குக் கீழே போனா அதுவே விஷமாகி வலிப்பு வரலாம்.

சாதாரணமா கிடைக்கிற அலுமினிய சிலிண்டர் சுமார் 11 லிட்டர் கொள்ளளவு. அதுல 200 பார் அழுத்தத்துல காத்து. கார் டயர்ல இருக்கிறது ரெண்டு சொச்சம் பார்னு வெச்சா, இது எவ்வளவுன்னு யோசிச்சுக்குங்க. மொத்தம் 2,200 லிட்டர் காத்து. நிமிஷத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிற ஆளுக்குத் தரையில 110 நிமிஷம் வரும். ஆனா கடல்ல ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு பார் கூடும். அழுத்தம் கூடக் கூட ஒரே மூச்சுக்குள்ள அதிகக் காத்து போகும். 10 மீட்டர்ல அதே சிலிண்டர் 55 நிமிஷம். 20 மீட்டர்ல 36. 30 மீட்டர்ல 27. இது கூலா இருக்கிற ஆளோட கணக்கு. பயந்துட்டா மூச்சு ரெண்டு மடங்காகும், கணக்கு பாதியாகும்.

இந்தச் சிலிண்டர் மேல இருக்கிற முதல் வால்வு 200 பாரை சுமார் 10 பாராக் குறைக்கும். வாயில கவ்வுற ரெண்டாவது வால்வு, நாம இழுக்கும்போது மட்டும் தேவையான அழுத்தத்துல காத்து விடும். இது உடைஞ்சா என்ன ஆகும்? சினிமாவுல காட்டுற மாதிரி டக்குனு காத்து நின்னு போகும்னுதானே நினைக்கிறீங்க? பெரும்பாலும் நேர் எதிர். கெட்டுப்போனா திறந்துக்கிற மாதிரிதான் இந்த வால்வுகளை வடிவமைச்சிருக்காங்க. நிறுத்த முடியாம காத்து கொட்டும். உடைஞ்ச தெருக்குழாயில வாய் வெச்சுத் தண்ணி குடிக்கிற மாதிரி ஓரமா உறிஞ்சிக்கிட்டே மேல வர வேண்டியதுதான். சிலிண்டர் வேகமாக் காலியாகும், ஆனா மேல வர அவகாசம் கிடைக்கும்.

அப்ப ஆளுங்க எதுனால சாகுறாங்க? டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பு 1992 முதல் 2003 வரை நடந்த 947 ஸ்கூபா மரணங்களை ஆராய்ஞ்சு 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டுச்சு. பிரச்னையைத் தொடங்கி வெச்ச காரணம் தெளிவாகத் தெரிஞ்சது அதுல 346 பேருக்கு. அவங்கள்ல காத்துத் தீர்ந்து போனது 41 சதவீதம். எதுலயாவது சிக்கினது 20 சதவீதம். கருவிக் கோளாறு 15 சதவீதம்தான். முள் கண்ணு முன்னாடியே இருக்கு, பார்க்கலை. அவ்வளவுதான் விஷயம். கருவிமேல பழி போடுறது நமக்கு ரொம்ப சுலபம்.

அடுத்தது அந்த மஞ்சள் கலர் குழாய். ஸ்கூபா போட்டோவுல பார்த்திருப்பீங்க, மார்புப் பக்கம் ஒண்ணு தொங்கும். ஆக்டோபஸ்னு செல்லப் பேரு. இதுதான் பேக்கப்னு எல்லாரும் நினைப்பாங்க. யோசிச்சுப் பாருங்க, அதுவும் அதே முதல் வால்வுலேர்ந்து, அதே சிலிண்டர்லேர்ந்துதான் வருது. உங்க சிலிண்டர் காலின்னா அதுவும் காலி. அது உங்களுக்கானதே இல்லை, பக்கத்துல வர்றவருக்கு. அவர்கிட்ட தொங்குறதுதான் உங்களோட பேக்கப். அவர் 15 மீட்டர் தள்ளி மீனை போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தா உங்க பேக்கப்பும் 15 மீட்டர் தள்ளி இருக்குன்னு அர்த்தம்.

தனியா ஒரு குட்டிச் சிலிண்டர் கட்டிக்கிறவங்களும் உண்டு. மூணு லிட்டர் சிலிண்டர்னா 600 லிட்டர் காத்து, 20 மீட்டர்லேர்ந்து நிதானமா மேல வரத் தாராளம். உள்ளங்கையில பிடிக்கிற மாதிரி இன்னும் சின்னது ஒண்ணு கிடைக்குது. 85 லிட்டர்தான். 20 மீட்டர்ல அது ஒண்ணரை நிமிஷம்கூட வராது. வாங்கி மாட்டிக்கிட்டா தைரியம் மட்டும் ரெண்டு மணி நேரத்துக்கு வரும், அதுதான் ஆபத்து!

'மச்சான்'னு ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிட்டுக்கிறோமே, அதுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. முத்துக் குளிக்க இறங்குறவர், படகுல கயிறு பிடிக்க மச்சானைத்தான் கூட்டிட்டுப் போவார்னு தென்கடல் பக்கம் ஒரு பேச்சு உண்டு. இடுப்புக் கயிறை அசைச்சதும் மேல இருக்கிறவர் இழுக்கணும். கொஞ்சம் அசந்தாலும் அவரோட அக்கா தங்கச்சி தாலி போயிடும். அதனால அவர் கண்ணை எடுக்க மாட்டாராம். இதைவிட நல்ல பாதுகாப்பு ஏற்பாட்டை எந்த இன்ஜினியரிங் காலேஜ்லயும் சொல்லித் தரலை. ஆனா அதே தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கிறவங்க நிறைய பேர் பின்னாடி கம்ப்ரசருக்கு மாறினாங்க. படகுல ஒரு இன்ஜின், அதுலேர்ந்து ஒரு நீள ட்யூப், அதைக் கவ்விக்கிட்டு உள்ளே போறது. இன்ஜின் நின்னா, ட்யூப் மடங்கினா, ரிசர்வ் கிடையாது. இன்ஜின் புகையையே கம்ப்ரசர் உறிஞ்சிட்டா கார்பன் மோனாக்சைடு நேரா நுரையீரலுக்குப் போகும். வாசனையும் தெரியாது.

'இதெல்லாம் தூத்துக்குடி, அந்தமான் விவகாரம், நம்ம வடசென்னைக்கு என்ன?'ன்னு கேக்காதீங்க. ராயபுரத்துல ஆரம்பிச்சு காட்டுப்பள்ளி வரைக்கும் மேப்பை ஒரு தடவை பாருங்க. சென்னைத் துறைமுகம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம். நடுவுல கடல் தண்ணியை உறிஞ்சுற அனல்மின் நிலையம். 2010-ல் தொடங்கின மீஞ்சூர் குடிநீர் ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கக் கட்டினது (பேருதான் மீஞ்சூர், இருக்கிறது காட்டுப்பள்ளி). 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்க மூச்சு முட்டி வீட்டை விட்டு ஓடினாங்களே, அந்த அம்மோனியா கசிஞ்சதும் கடலுக்கு அடியில போற குழாய்லேர்ந்துதான். இத்தனை ஜெட்டித் தூண், குழாய், கப்பல் அடிப்பாகம் எல்லாத்தையும் யாரோ ஒருத்தர் தண்ணிக்குள்ள போய்த் தடவிப் பார்த்தாகணும். தடவித்தான். நீச்சல் குளம் மாதிரி தெளிஞ்ச தண்ணியா இங்க இருக்கு?

அந்த வேலையோட கஷ்டம் என்னன்னா, மேல வர முடியாது. பனாமாக்ஸ் வகை நிலக்கரிக் கப்பல் சுமார் 32 மீட்டர் அகலம். அதோட அடிவயித்துல நடுவுல ஒருத்தர் வேலை செய்யறார்னா, தலைக்கு மேல வானம் இல்லை, இரும்பு. 16 மீட்டர் பக்கவாட்டுல போன பிறகுதான் மேல வரலாம், அதுவும் இருட்டுல திசை தப்பாம. ஒரு வகையில அது குகை. 2018-ல் தாய்லாந்து தாம் லுவாங் குகையில 12 பையன்களும் அவங்க கோச்சும் மாட்டிக்கிட்டது ஞாபகம் இருக்கா? உள்ளே வழியெல்லாம் ரிசர்வ் சிலிண்டர் வெச்சுட்டு வரப் போனவர் சமன் குணன், முன்னாள் கடற்படை வீரர். வெச்சுட்டுத் திரும்பும் வழியில ஜூலை 6 அன்னிக்குத் தண்ணிக்குள்ளேயே நினைவிழந்து இறந்து போனார். குகை டைவர்களுக்கு ஒரு விதி உண்டு. காத்துல மூணுல ஒரு பங்கு போறதுக்கு, ஒரு பங்கு வர்றதுக்கு, ஒரு பங்கு தொடவே கூடாது.

அதனாலதான் கடல் ஒப்பந்த நிறுவனங்களோட உலக அமைப்பான 'இம்கா', இந்த மாதிரி வேலைக்கு முதுகுச் சிலிண்டர் ஸ்கூபா பொருத்தமில்லைன்னே சொல்லுது. மேலேர்ந்து குழாய் வழியா காத்து வரணும், முதுகுல தனியா அவசரச் சிலிண்டர் இருக்கணும், மேல இன்னொரு டைவர் டிரெஸ் போட்டு ரெடியா உட்கார்ந்திருக்கணும், கப்பலோட பம்ப், புரொப்பல்லர் எல்லாம் நிறுத்திப் பூட்டியிருக்கணும். இதுல செலவு பிடிக்கிறது அந்த ரெடியா உட்கார்ந்திருக்கிற ஆள்தான். நாள் முழுக்கச் சும்மா உட்கார ஒருத்தருக்குச் சம்பளமான்னு காண்ட்ராக்டருக்குத் தோணும். உலகம் முழுக்கத் தோணும்.

அந்தச் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளோட மதிப்பு கிறிஸ் லெமன்ஸுக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 18, வட கடல். சுமார் 90 மீட்டர் ஆழத்துல எண்ணெய்க் கிணறு வேலை. சுவாசிக்கிற வாயு, வெந்நீர், வெளிச்சம், பேச்சு எல்லாம் கப்பல்லேர்ந்து ஒரே தடித்த கேபிள்ல வரும். ஆங்கிலத்துல அதுக்குப் பேரே தொப்புள்கொடி. புயல்ல கப்பலை ஒரே இடத்துல நிறுத்தி வைக்கிற கம்ப்யூட்டர் திடீர்னு படுத்துருச்சு. கப்பல் நகர, கேபிள் அடியில இருந்த இரும்புச் சட்டத்துல சிக்கி அறுந்து போச்சு. ஒரே நொடியில வாயு, சூடு, வெளிச்சம், குரல் எல்லாம் போச்சு. அவர் கையை விட்டது முதுகு அவசரச் சிலிண்டருக்கு. அதுல இருந்தது சில நிமிஷக் கணக்குதான். கும்மிருட்டுல தடவித் தடவி அந்த இரும்புச் சட்டத்தைக் கண்டுபிடிச்சு மேல ஏறிப் படுத்துட்டார், தேடி வந்தா அங்கதான் வருவாங்கன்னு. மேல கம்ப்யூட்டரை அணைச்சு மறுபடி ஆன் பண்ணிக் கப்பலைத் திருப்பிக் கொண்டு வந்து, கூட இறங்கின டேவ் யுவாசா அவரைத் தூக்கும்போது, வாயு தீர்ந்து அரை மணி நேரம் ஆகியிருந்துச்சு. டைவிங் கூண்டுல காத்திருந்த டங்கன் ஆல்காக் வாயோட வாய் வெச்சு ரெண்டு மூச்சு ஊதினார். கண்ணைத் திறந்தார்! உறைய வைக்கிற குளிரும், அவசரச் சிலிண்டர்ல ஆக்ஸிஜன் அளவு கூடுதலா இருந்ததும் காப்பாத்தியிருக்கும்னு சொல்றாங்க. சில வாரத்துல மறுபடி வேலைக்குப் போயிட்டார். நமக்கு ஒரு செமஸ்டர் அரியருக்கே ரெண்டு மாசம் சோகம்.

எல்லாமே ஒரே கேபிள்ல வந்ததைக் கவனிச்சீங்களா? சிலிண்டர் மட்டும்தான் தனி.

கடைசியா நம்ம ஊருக்கே வருவோம். பள்ளிக்கரணை தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் 'மத்ஸ்யா 6000'னு ஒரு நீர்மூழ்கி வாகனத்தை உருவாக்கிக்கிட்டு வருது. மூணு பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு போறது இலக்கு. அதைத் தண்ணியில இறக்கிச் சோதிச்சது எங்கே தெரியுமா? நம்ம காட்டுப்பள்ளி துறைமுகத்துல, 2025 ஜனவரி 27 முதல் பிப்ரவரி 12 வரை. ஆள் இல்லாமலும், ஆளை உட்கார வெச்சும் இறக்கினாங்க. உள்ளே மூச்சு விடுற ஏற்பாடு சரியா வேலை செய்யுதான்னு பார்க்கறது அதுல முக்கியமான வேலை. வழக்கமான பயணம் 12 மணி நேரம். ஆனா அவசரத்துக்கு 96 மணி நேரத்துக்கு உயிர் காக்கிற ஏற்பாடு. அதாவது எட்டு மடங்கு! ஸ்கூபாவுல மேல வந்தா காத்து இருக்கு. ஆறு கிலோமீட்டர் அடியில மாட்டினா, மேல இருக்கிறவங்க வந்து சேரவே நாள் கணக்காகும். அதான் அந்தக் கணக்கு.

இதே 96 மணி நேரத்தை 2023 ஜூன்ல உலகமே எண்ணிக்கிட்டு இருந்துச்சு. டைட்டானிக்கைப் பார்க்கப் போன 'டைட்டன்' காணாமப் போனப்ப, இன்னும் இத்தனை மணி நேரத்துக்குக் காத்து இருக்குன்னு டி.வி.யில கவுன்ட் டவுன் ஓடுச்சு. அது ஜூன் 18, இறங்கின அன்னிக்கே நொறுங்கியிருந்தது. ஓடு உடையறதுக்குக் காத்து பேக்கப் ஆகாது. எந்தக் கோளாறுக்கு எந்த மாற்றுன்னு யோசிக்காம, 'எங்ககிட்ட ஸ்பேர் இருக்கு'ன்னு யாராவது பெருமையாச் சொன்னா, கைதட்டுறதுக்கு முன்னாடி 'எதுக்கு ஸ்பேர்?'னு கேளுங்க.

புதுச்சேரியோ அந்தமானோ நேத்ராணியோ, லீவுல கேங்கா ஸ்கூபா போகப் போறவங்க உங்கள்ல இருப்பீங்க. பயமுறுத்தலை, போயிட்டு வாங்க, அருமையான அனுபவம். பயிற்சி இல்லாதவங்களை 12 மீட்டருக்கு மேல ஆழமா கூட்டிட்டுப் போறது முறையில்லை, அதைத் தெரிஞ்சு வெச்சுக்குங்க. ஒரு கைடு எத்தனை பேரைப் பார்த்துக்குவார்னு கேளுங்க. என்ன ஆனாலும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மேல வரக் கூடாது. 10 மீட்டர்ல நுரையீரல்ல இருக்கிற காத்து மேல வரும்போது ரெண்டு மடங்காகும். 'ஆ'ன்னு சொல்லிக்கிட்டே விட்டுக்கிட்டே வரணும். நீச்சல் சாம்பியனுக்கும் இதே விதிதான்.

அப்புறம் படகுல ஏறுறதுக்கு முன்னாடி, கைடோட மஞ்சள் ஆக்டோபஸை வாங்கி நீங்களே வாயில வெச்சு நாலு தடவை இழுத்துப் பாருங்க. கூச்சப்படாதீங்க, நல்ல கைடு சந்தோஷப்படுவார். இழுக்கும்போது பிரஷர் கேஜ் முள்ளைப் பாருங்க. அசையாம நிக்கணும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே போய் மேல வந்துச்சுன்னா, சிலிண்டர் வால்வு முழுசாத் திறக்கலை. மேல நல்லாத்தான் வரும், 10 மீட்டர்ல போதாது. 'அண்ணே, இதைத் திறந்து விடுங்க'ன்னு சொல்லுங்க.